முன்கால் ஒட்டு: வண்டிப் பட்டறைக்கு ஒரு கலைச்சொல்

ஐயாவுக்கும் நம் கலைச்சொல் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிளுக்கு இன்றைய ஸ்போர்ட்ஸ் பைக்கின் முன்பக்கத்தை, சக்கரம் முதல் ஹேண்டில் வரை, மொத்தமாகக் கொண்டுவந்து பொருத்தும் வேலைக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தேன். மூன்று சொற்கள் வந்தன: முன்முனைப் பரிமாற்றம், முன்புற மாற்றீடு, முன்கவை மாற்றம். மூன்றையும் ஒரு வாரம் மனதில் போட்டு வைத்திருந்தேன். பதில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் செய்த சொற்கள் அகராதியோடு நின்றுவிடுகின்றன, பட்டறை வாசல் ஏறுவதில்லை.

எங்கள் பட்டறை கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை சாலைப் பக்கம். இப்போது ஸ்டாண்டில் நிற்பது 1980-களின் புல்லட் 350. வண்டிக்காரர் அடிக்கடி தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலம் போகிறவர். முன்னும் பின்னும் லாரி, நடுவில் டிரம் பிரேக்கை நம்பி அந்த இறக்கத்தில் போவது எப்படி இருக்கும் என்று அந்த வழியில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு நல்ல டிஸ்க் பிரேக் வேண்டும். 2017 டிசம்பரில் வெளிவந்த, நம் ஓசூரிலேயே செய்யப்படும் அப்பாச்சி ஆர்ஆர் 310-இன் முன்பக்கம் ஒன்று கிடைத்தது. பின்னால் அடிபட்ட வண்டி, முன்பக்கம் நேராக இருந்தது. 41 மில்லிமீட்டர் தலைகீழ் போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு குழாய்கள்), 17 அங்குலச் சக்கரம், 300 மில்லிமீட்டர் டிஸ்க்.

பழைய போர்க்கைக் கழற்றியதும், அது திரும்புவதற்கான பேரிங்கான கோன்செட்டின் குண்டுகள் கறுத்த கிரீஸோடு பையன் உள்ளங்கையில் உதிர்ந்தன. சில குண்டுகளில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அதுவரை எளிது. புதிய போர்க்கைத் திருப்பும் நடுத்தண்டு, புல்லட் சட்டத்தின் முன்னால் இருக்கும் கழுத்துக் குழாயில் நிற்காது. நீளம் வேறு, பேரிங் அளவு வேறு. அதனால் கீழ் டி-யை, அதாவது இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்ப்பிடியை, பிரஸ்ஸில் வைத்து அதன் தண்டை வெளியே தள்ளிவிட்டு, புல்லட் கழுத்துக்கென்று புதுத் தண்டு லேத்தில் கடைந்தோம். தண்டின் அடிப்பகுதி டி-யின் துளையைவிட மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடுதல் பருமன். தண்டை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தோம். அலுமினிய டி-யை, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஓடுகிற அளவு சூடாக்கினோம். அப்புறம் இரண்டையும் சேர்த்தால் கையழுத்தத்திலேயே முக்கால்வாசி இறங்கிவிட்டது. பிரஸ் கொடுத்தது கடைசி ஓர் அங்குலத்துக்குத்தான். சூடு இறங்கிய பிறகு பிரிக்க வேண்டும் என்றால் மறுபடி பிரஸ் வேண்டும். இந்த வேலையின் உயிர் அந்த ஒரு மூட்டில் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர், பிரேக் ஹோஸ், ஹெட்லைட் பிராக்கெட் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற சில்லறை வேலை.

இப்போது வந்த சொற்களைப் பார்ப்போம்.

'முன்முனை', ஃப்ரண்ட் எண்ட் என்ற ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. தமிழில் முனை என்றால் ஊசி முனை, கத்தி முனை, தெருமுனை. நாற்பது சாமான்கள் சேர்ந்த ஒரு தொகுதியை நாம் முனை என்று சொல்வதில்லை. 'பரிமாற்றம்' இரண்டு பக்கமும் கொடுத்து வாங்குவது. இங்கே புல்லட்டின் போர்க் அப்பாச்சிக்குப் போகவில்லை. 'மாற்றீடு' என்றால் ஒன்று தேய்ந்து அதே இனத்தில் இன்னொன்று வைப்பது. கிளட்ச் பிளேட் மாற்றுவது மாற்றீடு, இது அது இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பேசுவதும் இதைவிட அகலமான பொருளில். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியில் செய்யும் மாற்றம் அதில் அடங்கும். இந்த வேலையில் இறங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும் என்று எங்களிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், இங்கும் சொல்லிவிட்டேன்.

நான் முன்வைக்கும் சொல் 'ஒட்டு'.

என் மாமனார் மாங்கன்று ஒட்டுக்கட்டுகிறவர். ஒரு செடியின் வேர், இன்னொரு மரத்தின் குச்சி. குச்சியை ஆப்பு மாதிரி இருபுறமும் சீவி, வேர்ச்செடியின் தண்டைப் பிளந்து அதில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார். இரண்டு தண்டும் ஒரே பருமனாக இருக்க வேண்டும் என்பதற்காகக் குச்சிகளை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்து எடுப்பார். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை, பச்சையோடு சேர வேண்டும். நடுவே காற்றுப் புகுந்தால் ஒட்டு பிடிக்காது, குச்சி காய்ந்துவிடும். நாங்கள் வெர்னியரை வைத்துத் தண்டை அளந்துகொண்டிருந்தபோது அவர் பட்டறைக்கு வந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவும் ஒட்டுதானே மாப்பிள்ளை" என்றார். எனக்குச் சொல் கிடைத்தது அங்கேதான்.

மூட்டு சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு யெஸ்டி பைக் வந்தது. வேறொரு பட்டறையில் இதே வேலை செய்தது. தளர்வான துளையில் புஷ் போட்டு இரண்டு இடத்தில் வெல்டிங் பொட்டு வைத்திருந்தார்கள். பொட்டு விட்டுப்போய், ஹேண்டில் நேராக இருக்கச் சக்கரம் கொஞ்சம் திரும்பி நின்றது. ஓட்டியவர் மெதுவாக வந்துகொண்டிருந்ததால் தப்பித்தார். 'மாற்றம்' என்று பெயர் வைத்தால் இந்த மூட்டு யார் கண்ணுக்கும் படாது. 'ஒட்டு' என்றால், பிடித்ததா இல்லையா என்ற கேள்வி பெயரிலேயே இருக்கிறது. மாம்பழ ஊரில் அந்தக் கேள்வியை யாருக்கும் விளக்க வேண்டாம்.

அடுத்து, எதன் ஒட்டு? 'முன்கால்' என்று நான் சொன்னதற்கு ஐயா எழுதியது இது:

> 'முன்கால்' என்றால் மாட்டின் முன்கால் என்றுதான் எவருக்கும் தோன்றும், தம்பி. கவை என்ற நல்ல சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

ஐயா, கவையை நான் விடவில்லை. முள் எடுக்கும் கவைக்கோலைப் பிடித்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள். போர்க்குக்குக் கவையைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் கவை அந்த இரண்டு குழாய்களுக்கு மட்டும்தான் பெயராக முடியும். சக்கரம், பிரேக், கவை, அதைப் பிடித்திருக்கும் டி எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதிக்கு ஒரு பெயர் வேண்டும். அதற்குத்தான் 'முன்கால்'.

கால் என்றால் சக்கரம் என்ற பொருள் நம்மிடம் பழையது. "எண்தேர் செய்யும் தச்சன் திங்கள் வலித்த கால்" என்று ஔவையார் பாடினார், புறநானூறு 87. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் முழுக்க இருந்து செய்த ஒரே ஒரு சக்கரம். அதியமானைத்தான் அப்படிச் சொல்கிறார். அவன் ஊர் தகடூர், இன்றைய தருமபுரி. நம் ஊர் மன்னனுக்கு உவமையாக வந்த சக்கரத்தின் பெயரை நம் ஊர்ப் பட்டறையில் மறுபடி புழங்க வேண்டும் என்பது என் ஆசை. இது வெறும் ஆசையும் இல்லை. போர்க்கின் இடது குழாய் கசிந்தால் "இடது காலில் ஆயில் கசியுது" என்றுதான் எங்கள் பையன்கள் இப்போதே சொல்கிறார்கள். பழைய பொருள், புழங்கும் பொருள் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சொல் அடிக்கடி கிடைக்காது.

இன்னொன்று. கவையின் இரண்டு குழாய்களையும் பிடித்திருக்கும் டி-க்கு 'நுகம்' என்று வைக்கலாம். மேல்நுகம், கீழ்நுகம். நுகத்தடியின் இரு தலையிலும் இரண்டு எருது, நடுவில் ஏர்க்கால். இங்கே இரு தலையிலும் இரண்டு குழாய், நடுவில் தண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் இதை யோக் என்கிறார்கள். இந்த நுகமும் தகடூர்ப் பாட்டில் இருக்கிறது: அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூறு 102. எருது இளையது, நுகம் அறியாதது, வண்டியிலோ பாரம் அதிகம். அதனால் உமணர் (உப்பு வணிகர்) வண்டியின் அடியில் கட்டிப்போகும் 'சேம அச்சு' (மாற்று அச்சு) போன்றவன் என்கிறார். ஸ்டெப்னிக்கு வேறு சொல் தேடுகிறவர்கள் அந்த வரியைப் பார்க்க வேண்டும்.

தலைகீழ் போர்க்குக்கு நண்பர் ஒருவர் 'கவிழ்கவை' என்று எழுதியிருந்தார். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் வண்டி சம்பந்தமான சொல்லில் கவிழ் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'தலைகீழ்க் கவை' போதும். பழைய கவையில் மெல்லிய குழாய் மேலே, தடித்தது கீழே. இதில் தடித்தது மேலே. பிரேக் பிடிக்கும்போது வளைக்கும் விசை நுகத்தை ஒட்டித்தான் மிக அதிகம், அங்கே தடித்த குழாய் இருந்தால் எளிதில் வளையாது. பெயர் கேட்டதும் படம் கண்ணில் வந்துவிடுகிறது.

'தாய்வண்டி' பற்றியும் சொல்ல வேண்டும். புல்லட்டை, அதாவது ஒட்டை ஏற்கும் வண்டியை, தாய்வண்டி என்று சொல்லலாம் என்றார் ஐயா. தோட்டத்து வழக்கு நேர்மாறாக இருக்கிறது. தாய்மரம் என்பது குச்சி கொடுக்கிற மரம், ஏற்பது வேர்ச்செடி. அப்படிப் பார்த்தால் அப்பாச்சிதான் தாய், புல்லட் வேர். 'வேர்வண்டி' என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே பழகவில்லை. இதில் உவமை கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒட்டு மாமரத்தில் பழம் தாய்மரத்தின் பெயரில் விற்கும். இங்கே எஞ்சினும் ஆர்சி புத்தகமும் புல்லட்டினுடையவை. இப்போதைக்குக் 'கொடுத்த வண்டி, ஏற்ற வண்டி' என்றே எழுதுகிறேன்.

கடைசியாக, எனக்கு இன்னும் சொல் கிடைக்காத ஒன்று. கழுத்தின் சாய்ந்த கோட்டை நீட்டித் தரையைத் தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம். ஆங்கிலத்தில் ட்ரெயில். வண்டி நேராக ஓடுவதற்கும் எளிதில் திரும்புவதற்கும் இந்தத் தூரம் முக்கியம். முன்கால் ஒட்டில் முதலில் கெடுவதும் இதுதான்.

ஒரு கணக்கு பாருங்கள். கழுத்துச் சாய்வு செங்குத்திலிருந்து 27 பாகை, நுகம் குழாய்களை முன்னே தள்ளும் விலகல் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புல்லட்டின் 3.25-19 டயரின் ஆரம் சுமார் 324. ட்ரெயில் 109 மில்லிமீட்டர் வருகிறது. அதே கழுத்தில் அப்பாச்சியின் 110/70-17 டயர் போட்டால் ஆரம் 293, ட்ரெயில் 93-க்கு இறங்கிவிடும். விலகல் 30 உள்ள நுகம் போட்டால் 116-க்கு ஏறும். ஆனால் சிறிய சக்கரத்தால் முன்பக்கம் 31 மில்லிமீட்டர் தாழும். புல்லட்டின் இரு சக்கர இடைவெளி 1370. அதனால் சாய்வு ஏறக்குறைய 1.3 பாகை நிமிரும், ட்ரெயில் 108-க்கு வந்துவிடும். பழைய அளவுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு. இந்தக் கணக்கைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதில் ட்ரெயில் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

'பின்னடி' என்று ஒன்று யோசித்தேன். டயர் தரையில் பதியும் இடம் அடி, அது கோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பின்னடைவு என்று காதில் விழுமோ என்று தயக்கம். 'பின்தொடர்வு' நீளம். நெல் நடவில், ஏர் உழவில், கவலை ஏற்றத்தில் ஒன்று முன்னே போக இன்னொன்று இந்தத் தூரத்தில் பின்னே வருவதற்கு உங்கள் ஊரில் வழக்குச் சொல் இருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வண்டியை இறக்கிவிடுவோம். அதற்குள் வந்தால் சுவரில் எழுதிவிடலாம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரிப் பட்டறையிலிருந்து