பாபநாசம் மில்லும் எங்கள் வி.கே.புரமும்

மில்லால் வளர்ந்த ஊர் என்றாலே கோவை பீளமேடு, மதுரை ஆர்வி மில் என்றுதான் பேச்சு போகிறது. நான் எங்கள் விக்கிரமசிங்கபுரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிங்கப்பூர் வந்து பிள்ளைகளும் இங்கேயே வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் இங்கே தமிழர்கள் கூடுகிற தேக்காவில் யாராவது ஊரைக் கேட்டால் வி.கே.புரம் என்பேன், புரியாவிட்டால் அம்பாசமுத்திரம் பக்கம் என்பேன், அதுவும் புரியாவிட்டால் "பாபநாசம் மில்". திருநெல்வேலிக்காரர் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்.

பருத்தி விளைந்தது கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில், துறைமுகம் தூத்துக்குடியில். அப்புறம் ஏன் ஆர்வி என்ற வெள்ளைக்காரச் சகோதரர்கள் 1880களில் எங்கள் ஊர் மலையடிவாரத்தில் போய் மில் போட்டார்கள்? தண்ணீருக்காகத்தான். நிலக்கரியை வெளியிலிருந்து வரவழைத்து எரித்தால் கட்டுப்படியாகாது, தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற வேகத்திலேயே எந்திரத்தை ஓட்டிவிடலாம். அப்போது அம்பாசமுத்திரத்துக்கு ரயில்கூடக் கிடையாது, அது 1900க்குப் பிறகுதான் வந்தது. அதுவரை பஞ்சுப் பொதி ஏறுவதும் நூல் இறங்குவதும் மாட்டு வண்டியில்.

சுற்றிலும் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். அறுவடை வந்தால் கையில் காசு, இல்லாவிட்டால் இல்லை. அதற்கு நடுவில் மாதாமாதம் சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருந்தால் ஊர் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள். மளிகைக்கடைக்காரர் பயமில்லாமல் பற்று எழுதுவார், ஜவுளிக்கடைக்காரர் தீபாவளி போனஸை நம்பிச் சரக்கு எடுப்பார், சீட்டுப் பிடிப்பவர் வருவார், சைக்கிள் கடை வரும், மில்லில் வேலை என்றால் பெண் கொடுக்கவும் ஆள் வரும். எங்கள் கடைத்தெரு அப்படி வந்ததுதான். பக்கத்துக் கிராமங்களில் இருட்டியதும் சத்தம் அடங்கிவிடும், எங்கள் தெருவிலோ இரவு ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக இட்லிச் சட்டி ஆவி பறக்கும். வீட்டில் கடிகாரம் இல்லாதவர்களுக்கும் மில் சங்கு ஊதினால் மணி தெரியும்.

அப்பா மில்லில் நூல் நூற்கிற ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். நூல் ஏறுகிற கதிர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அறுந்த இழையைப் பிடித்து ஒட்டவேண்டும், அதுதான் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ முறுக்கிக்கொண்டே இருக்கும். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும், இருமலும் உண்டு. ஊரை மில் முதலாளி வளர்த்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மில்லைக் கட்டியது அவர்கள், சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இருமலோடு வாங்கிய சம்பளத்தில்தான் வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள், கோயில் கொடை நடந்தது.

இங்கே தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்த கடையநல்லூர் பாய் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் தாத்தா தறிக்காரர். "மில் நூல வாங்கித்தான் நெய்வாங்க. நூல் வெல ஏறும், துணி வெல ஏறாது. அப்புறம் என்ன செய்ய, கப்பலேறிட்டாங்க" என்றார். துறைமுகத்தில் வேலை கிடைத்து, அப்படியே ஊர்க்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக வந்து தஞ்சோங் பகாரிலேயே குடியேறிவிட்டார்களாம். இரண்டு ஊரும் ஒரே மலையடிவாரம். எங்கள் ஊருக்கு நூல் சம்பளமாக வந்தது, அவர்களுக்கு அதே நூல் செலவாகப் போனது. அன்றுவரை நான் இதை இந்தப் பக்கமிருந்து பார்த்ததே இல்லை.

1974இல் எங்கள் மில் மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறியது. புது எந்திரங்கள் வர வர ஆட்கள் குறைந்தார்கள். அப்பா காலத்தில் மில் வேலை மகனுக்கும் வரும் என்று நம்புவார்கள், என் வயதுக்காரர்கள் திருநெல்வேலி, சென்னை, சிங்கப்பூர் என்று கிளம்பிவிட்டோம்.

மதுரை ஆர்விபட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அது மில் தொழிலாளர்களுக்கென்றே போட்ட குடியிருப்பு, எங்கள் தெருவில் அவரவர் மனை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியதுதான். முதலாளி கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தவர்களுக்கு வேலைநிறுத்தம் வந்தால் என்ன ஆகும்? எனக்கு ரொம்ப நாளாகக் கேட்கவேண்டும் என்றிருக்கிறது.