புதுப்பிப்பு: தங்கை இப்போது எப்படி இருக்கிறாள்

பிரசவத்துக்குப் பிறகு தங்கை யாரோடும் பேசுவதில்லை, குழந்தை தூங்கும்போதுகூட அவளுக்குத் தூக்கம் வருவதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

மருத்துவரிடம் போனோம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள். கடந்த 7 நாட்களின் மனநிலையைப் பற்றியவை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. இதைக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடுமோ என்று அம்மா பயந்தார். அப்படி ஆகாது, கேட்பதுதான் பாதுகாப்பு என்றார் மருத்துவர். தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தருமாம், அதற்கும் பரிசோதனை எழுதினார். மனச்சோர்வுக்குக் கொடுத்த செர்ட்ராலின் மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் என்பதால் பால் கொடுப்பதை நிறுத்தவில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்து அதிகம் உதவியது உங்களில் பலர் சொன்ன யோசனைதான்: இதைக் கடந்து வந்த இன்னொரு தாயோடு போனில் பேச வைப்பது. கனடாவில் 701 தாய்மாரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்விலும் இத்தகைய தொலைபேசித் துணை கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாகவே இருந்தது. எங்களிடம் சொல்லாததையெல்லாம் அந்த அக்காவிடம் சொல்கிறாள். சொல்லட்டும்.

அப்புறம், இரவில் ஒரு வேளைப் பாலை மாப்பிள்ளை புகட்டுகிறார். அவளுக்குத் தொடர்ச்சியாகத் தூக்கம் கிடைக்கிறது. அறிவுரை சொல்ல வருபவர்களை வாசலோடு அனுப்புவது என் பொறுப்பு, அதை ரசித்தே செய்கிறேன்!

சில நாட்கள் இன்னும் மோசம்தான். வேலைக்குத் திரும்பிய அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள், அவள் அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறாள்.