மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது: கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 2006ஆம் ஆண்டின் பெட்ரோல் கார். தினமும் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மூன்று நாள் நிறுத்திவிட்டு நான்காம் நாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கிறது, செல்ஃப் எடுப்பதில்லை. எட்டு மாதங்களுக்கு முன் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியைப் புதிதாகப் போட்டும் நிலைமை மாறவில்லை. எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட் வருகிறது. மறுபடியும் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். அப்பாவை அதிகாலையில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வண்டி இது. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் 1

ஐயா, இப்போதைக்குப் பேட்டரியை மாற்ற வேண்டாம். 14.1 வோல்ட் வருவதால் சார்ஜ் ஏறுகிறது. நிறுத்தியிருக்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது.

சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். அந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது; மீட்டரின் பியூஸ் போய்விடும். பியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே இருந்தால் கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும் என்பதால், கதவுத் தூணில் உள்ள பொத்தான் சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கி வையுங்கள். இதை மறந்துவிட்டு ரூம் லைட்டின் கரண்டையே கசிவு என்று எண்ணி அலைந்தவர்கள் பலர். அரை மணி நேரம் கழித்து அளவைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அதிகமிருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதில் அளவு விழுகிறது என்று கவனியுங்கள்.

பதில் 2

எந்தப் பியூஸிலும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) டயோடை, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகத்தைச் சந்தேகியுங்கள். அதன் தடித்த வயர் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பியூஸ் பெட்டி வழியாக வருவதில்லை. அந்த வயரைத் தொடுவதற்கு முன் நெகட்டிவைக் கழற்றுவது கட்டாயம்.

கேட்டவர்

0.44 ஆம்பியர் காட்டியது. ரூம் லைட்டுக்கான பியூஸைப் பிடுங்கியவுடன் 0.03 ஆகிவிட்டது. ஆனால் ரூம் லைட் அணைந்துதானே இருக்கிறது?

பதில் 1

குறைந்திருப்பது 0.41 ஆம்பியர். 12 வோல்ட்டில் இது ஏறக்குறைய 5 வாட், அதாவது ஒரு சிறிய பல்பு. மூன்று நாளில் 0.44 ஆம்பியர் வீதம் 31 ஆம்பியர் ஹவருக்கு மேல் போய்விடும். உங்கள் 35இல் மிச்சம் என்ன இருக்கும்? அதே பியூஸில் டிக்கி விளக்கும் இருக்கலாம். பியூஸைப் போட்டு, டிக்கியை ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, திறந்தவுடன் விளக்கின் மூடியைத் தொட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

சுடுகிறது ஐயா! மூடியின் பிளாஸ்டிக் நடுவில் பழுப்பேறி லேசாக வளைந்தும் போயிருக்கிறது. டிக்கி சுவிட்சின் ரப்பர் முனை தேய்ந்து, கதவு மூடும்போது சரியாக அழுந்தவில்லை. புது சுவிட்ச் போட்டபின் மீட்டர் 0.03 காட்டுகிறது. ஐந்து நாள் தொடாமல் நிறுத்தி, இன்று காலை அளந்தேன்: 12.5 வோல்ட். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. மிக்க நன்றி.