ட்ரெயில் ரேஸ் (மலை, காட்டுப் பாதையில ஓடுற போட்டி) உதவித்தொகைக்கு அப்ளை பண்ணினாக்கள் இருக்கிறீங்களா?

உப்புவெளிப் பிள்ளை: அக்காமார் அண்ணாமார், விடிய 5 மணிக்கு கன்னியாப் பக்கம் ஓடுறனான், சப்பாத்தெல்லாம் செம்மண். மலையோட்டத்தில எங்களமாதிரி ஆக்கள் குறைவெண்டு என்ட்ரி ஃபீயும் வழிகாட்ட ஒரு மென்டரும் தாறாங்களாம், ஃபோர்ம்ல "உங்கட கதை" எண்டு கேக்கினம், என்னத்த எழுத?

ஓடும் அக்கா: தங்கச்சி, கஷ்டத்த மட்டும் எழுதாதீங்கோ. ஏன் இருட்டோட ஓடவேண்டிக் கிடக்கு, திரும்பிவந்து ஆருக்குச் சொல்லிக்குடுப்பீங்கள், அத எழுதுங்கோ. மென்டரிட்ட இறக்கத்தில ஓடுறதக் கேளுங்கோ, தொடையப் பிடிக்கிறது அதுதான், கோணேசர் கோயில் ஏத்தம் எங்களுக்குக் காணாது. பிரான்ஸில தொடங்கி மொன் பிளாங்க் மலையச் சுத்துற பெரிய ரேஸில ஏற்றமே கிட்டத்தட்ட 10,000 மீட்டர்.

நிலாவெளி அண்ணா: பிளேன் டிக்கெட்டும் தருவினமா எண்டு முதல் கேளுங்கோ பிள்ளை. பிரான்ஸ் எண்டா ஷெங்கன் விசா வேணும், எனக்கு இடம் கிடைச்சும் விசா பிந்தி வந்தது, இப்பவும் மனசு ஆறேல்ல. நீங்க வெள்ளனவே போடுங்கோ.

உப்புவெளிப் பிள்ளை: இண்டைக்கு இரவே எழுதுறன் அண்ணா.