4.5 + 0.3 = 5.2 என்று எழுதிய என் மகன்

கணக்கு வராத பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் சொல்வதைப் பார்த்து, எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன். நாங்கள் திருகோணமலை. மகன் தரம் 6. பள்ளிக்கூடம் விட்டால் டச்பே கடற்கரையில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்தான். இருட்டின பிறகு கால் நிறைய மண்ணோடு வருவான்.

போன தவணையில் தசமக் கூட்டலில் பாதிக்கு மேல் பிழை. எனக்குச் சரியான கோபம். 4.5 + 0.3 = 5.2 என்று எழுதியிருந்தான். ஏசத் தொடங்கினேன். "அம்மா, நாலு ஓவர் அஞ்சு பந்து. இன்னும் மூன்று பந்து போட்டால் அஞ்சு ஓவர் ரெண்டு பந்துதானே?" என்றான், கண் கலங்கி.

எனக்குப் பேச்சே வரவில்லை. பிள்ளை கூட்டினது சரி, கிரிக்கெட்டில் ஒரு ஓவருக்கு ஆறு பந்து என்பதால் ஆறு ஆறாகக் கூட்டியிருக்கிறான். 2.4 + 1.4 = 4.2 என்று எழுதினதும் அதே ஓவர் கணக்குத்தான். ஸ்கோரில் வரும் புள்ளி தசமப் புள்ளி இல்லை என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் நானும் கடற்கரைக்குப் போனேன். ஈர மண்ணில் ஒரே நீளத்தில் இரண்டு கோடு கீறி, ஒன்றை ஆறாகவும் மற்றதைப் பத்தாகவும் பிரித்தோம். மூன்று பந்து என்றால் அரை ஓவர். ஓவரில் அதை .3 என்று எழுதுகிறோம், தசமத்தில் அரை என்றால் .5. இரண்டு கோட்டிலும் கால்விரலால் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். பின்னம் என்றாலே ஓடுகிற பிள்ளை, "அப்போ ரெண்டு பந்து மூன்றில் ஒன்று" என்று தானாகவே சொன்னான்.

அப்புறம் 1996 உலகக்கிண்ண இறுதிப் போட்டியை எடுத்தோம். லாகூரில் அவுஸ்திரேலியா 241 அடிக்க, இலங்கை 46.2 ஓவரில் 245 எடுத்து வென்றது. ஓவருக்கு எத்தனை ஓட்டம்? கல்குலேட்டரில் 46.2 என்றே அடித்து வகுத்தான், 5.30 வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எல்லாவற்றையும் பந்தாக மாற்றினான்: 46 × 6 + 2 = 278. 245ஐ 278ஆல் வகுத்து ஆறால் பெருக்க 5.29. அந்த 0.01 எங்கிருந்து வந்தது என்று அன்று இரவு அவன் அப்பாவிடமும் விளங்கப்படுத்தினான், சாப்பாட்டையும் மறந்து.

இப்போது கொப்பியில் ஓவர் எழுதும்போது மட்டும் புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போடுகிறான். பந்தாம்.