கம்ப்ரஸிவ் சென்சிங்கில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நீக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஈசிஜி (இதயத்தின் மின் பதிவு) சிக்னலைக் கம்ப்ரஸிவ் சென்சிங் (குறைந்த அளவீடுகளிலிருந்து முழு சிக்னலை மீட்கும்) முறையில் சுருக்கி அனுப்பி மீட்டெடுக்கும் ப்ராஜெக்ட் செய்கிறேன். எம்ஐடி-பிஐஎச் என்ற பொது ஈசிஜி தரவுத் தொகுப்பில் சரியாக வந்தது. நாங்களே பதிவு செய்த சிக்னலில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் புகுந்துவிடுகிறது.

நொடிக்கு 360 மாதிரிகள். 512 மாதிரிகளுக்கு 200 அளவீடுகள். ஒரே அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் சாதாரண நாட்ச் ஃபில்டர் இங்கே பயன்படாது. கையில் இருப்பவை ரேண்டம் அணியால் பெருக்கிய எண்கள்தான், நேர வரிசை அவற்றில் கிடையாது. முழுதாக மீட்டபின் வடிகட்டலாம் என்றால், இரைச்சலும் சேர்ந்து ஸ்பார்ஸ் தன்மையை (சில எண்களாலேயே சிக்னலைச் சொல்லிவிட முடிவதை) கெடுத்து மீட்பையே குலைத்துவிடுகிறது.

அதனால் 50 ஹெர்ட்ஸ் சைன், கொசைன் இரண்டையும் அதே அணியால் பெருக்கி, அவை விரிக்கும் வெளிக்குச் செங்குத்தாக அளவீடுகளை ப்ரொஜெக்ட் செய்தேன், அதாவது அந்த இரண்டின் பங்கை அளவீடுகளிலிருந்து கழித்தேன். மீட்கும்போது அளவீட்டு அணியையும் அதே ப்ரொஜெக்ஷனால் பெருக்க வேண்டும். முதலில் அதை விட்டுவிட்டு ஒரு வாரம் வீணானது. இப்போது ஓஎம்பி (Orthogonal Matching Pursuit என்ற மீட்பு வழிமுறை) நன்றாகவே மீட்கிறது.

சிக்கல் இதுதான்: மின்சாரம் சரியாக 50-இல் நிற்பதில்லை. நம் நாட்டில் அனுமதித்த வரம்பே 49.90 முதல் 50.05 வரை. சற்று விலகினாலும் மெல்லிய அலை மிச்சம் நிற்கிறது. பக்கத்து அதிர்வெண்களையும் சேர்த்தால் நெடுவரிசைகள் ஏறக்குறைய ஒன்றாகி, கணக்கு நிலைகுலைகிறது.

இதற்கு ஸ்லெபியன் வெக்டர்கள் (ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையைச் சில செங்குத்து வெக்டர்களால் குறிப்பவை) சரிவருமா? 1.42 வினாடி சாளரத்துக்கு எத்தனை எடுக்கலாம்? அல்லது ஒவ்வொரு சாளரத்திலும் அதிர்வெண்ணை அளவீடுகளிலிருந்தே கணிப்பது நல்லதா? கியூஆர்எஸ் (ஒவ்வொரு துடிப்பிலும் வரும் கூர்மையான அலை) உச்சம் சிதையக்கூடாது, மருத்துவர் பார்ப்பது அதைத்தான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ப்ரோக்ராம் கோடும் தரவும் அனுப்புகிறேன்.