நிலைகுலைத்தலா, உறுதிகுலைத்தலா? குளக்கட்டுக் கையேட்டுக்கு ஒரு வினைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

குளக்கட்டுப் பராமரிப்புக் கையேட்டின் வரைவில் ஒரு வினைச்சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்டெபிலைஸ்' என்று வரும் இடம். இந்த இழையில் இதுவரை ஸ்திரமற்றதாக்கு, தளம்பவை, சீர்குலை, நிலைகுலை என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. வரைவில் சில இடங்களில் ஏற்கனவே வந்திருக்கும் 'உறுதிகுலை' என்பதையே நான் முன்வைக்கிறேன்.

குளக்கட்டை முள்ளம்பன்றி தோண்டுகிறது, கறையான் புற்றெடுக்கிறது, பட்டுப்போன மரத்தின் வேர் உக்கி உள்ளே பொந்து விழுகிறது. இவை எதுவும் அன்றைக்கே கட்டை விழுத்துவதில்லை. கட்டு பார்வைக்கு அப்படியேதான் நிற்கும். ஆனால் நேற்றுத் தாங்கிய வெள்ளத்தை இன்றைக்குத் தாங்காது. இந்த இடைநிலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. குளம் நிறைந்திருக்கும்போது தண்ணீரே கட்டின் உட்சரிவை அண்டை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கும். துருசைத் (குளத்து மதகைத்) திறந்து நீர்மட்டத்தைச் சடுதியாக இறக்கினால் வெளியே இருந்த அந்த அண்டை போய்விடும். களிமண் கலந்த கட்டுக்குள் ஊறிய நீரோ அவ்வளவு வேகமாக வடியாது. அது மண் துகள்களை உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும், துகளுக்குத் துகள் உள்ள பிடிமானம் குறையும், சரிவு வழுக்கத் தொடங்கும். தண்ணீர் கூடினால்தான் கட்டுக்கு ஆபத்து என்று நினைக்கும் கமக்காரருக்கு, குறைக்கிற வேகமும் ஆபத்து என்று சொல்லும் வரி இது. கையேட்டில் மிகவும் தேவையான வரிகளில் ஒன்று. இதில் வினைச்சொல் பிழையானால் வரியே பிழையாகிவிடும்.

> நிலைகுலைதல் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

அக்கா, எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதுதான் எனக்குச் சிக்கல். "செய்தி கேட்டு நிலைகுலைந்து போனார்" என்று சொன்னால் ஆள் ஏற்கனவே விழுந்தாயிற்று. "கட்டு நிலைகுலைந்தது" என்று எழுதினால் உடைந்தே போய்விட்டது என்றுதான் வாசிப்பார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் (மிகைநீரை வெளியேற்றும் கதவுகள்) திறக்கப்பட்டதும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் கிடந்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படியான ஒரு இரவில், கட்டு உறுதிகுலைகிறது என்று தகவல் வந்தால் மண்மூட்டையோடு போக வேண்டும். உடைந்துவிட்டது என்று வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்க முடியாது.

'தளம்பல்' நல்ல சொல், நம்மவர் சொல். வளிமண்டலத்தில் தளம்பல் நிலை என்று மாரிகாலம் முழுக்க வானிலை அறிவிப்பில் கேட்கிறோம். விலைக்கும் காற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் தளம்புவது அங்குமிங்கும் ஆடுவது, ஆடித் திரும்பி வரவும் கூடியது. மண்கட்டு ஆடுவதில்லை. 'சீர்குலை' ஒழுங்கைப் பற்றியது, கூட்டத்தைச் சீர்குலைக்கலாம், போக்குவரத்தைச் சீர்குலைக்கலாம். 'ஸ்திரமற்றதாக்கு' பத்திரிகையில் அரசாங்கத்துக்கு வருவது. வயல் வரம்பில் வாசிக்க நாக்குச் சுளுக்கும்.

'உறுதி' நமக்குப் புதிதல்ல. கிண்ணத்துக்குள் கிடக்கும் மாபிளைத் தட்டிவிட்டால் திரும்ப அடிக்கே வரும், கவிழ்த்த கிண்ணத்தின் மேல் வைத்தால் வராது. இதை உறுதிச் சமநிலை, உறுதியில் (உறுதி இல்லாத) சமநிலை என்று நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள்தான் நாங்கள். 'மன உறுதியைக் குலைத்தல்' அன்றாடப் பேச்சிலேயே உண்டு. ஆக இரண்டு துண்டும் கையில் இருக்கின்றன, ஒட்டுவதுதான் வேலை.

> வன்னியில் 'உறுதி' என்றால் முதலில் காணி உறுதிதான் (நிலத்தின் உரிமைப்பத்திரம்தான்) ஞாபகத்துக்கு வரும். உறுதிகுலைப்பு என்றால் உறுதியை ரத்துச் செய்வதாக நினைக்க மாட்டார்களா?

அண்ணை சொன்னது நியாயமான கேள்வி. அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உறுதிக்காக வருடக்கணக்கில் அலைகிற சனம் நாங்கள், அந்தச் சொல் இங்கே பாரமானது. ஆனால் காணி உறுதியை முடிக்கலாம், எழுதலாம், ரத்துச் செய்யலாம், குலைப்பதாக யாரும் பேசுவதில்லை. 'குலை' சேர்ந்தவுடன் பொருள் பிரிந்துவிடுகிறது. தனியே 'உறுதி' என்று தலைப்பு வைக்காமல் 'கட்டின் உறுதி' என்று வைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

இனி, வசனத்தில் எப்படி வைப்பது? வரைவில் பாதிப் பிழை இங்கேதான். குலை என்பது தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். குலைந்தது என்றால் தானே குலைந்தது, குலைத்தது என்றால் வேறொன்று குலைத்தது. எனவே:

"கரையோர மணல் அகழ்வு ஆற்றங்கரையை உறுதிகுலைக்கிறது." கனகராயன் ஆற்றைப் பார்த்தவருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

"மணலை அள்ள அள்ள ஆற்றங்கரை உறுதிகுலைகிறது."

வரைவின் மூன்றாம் பக்கத்தில் "தொடர்மழையால் கட்டு உறுதிகுலைத்தது" என்று இருக்கிறது. எதைக் குலைத்தது? செயப்படுபொருள் இல்லை. "உறுதிகுலைந்தது" என்று மாற்ற வேண்டும். 'உறுதிகுலையச் செய்தல்' என்று சில இடங்களில் நீட்டியிருக்கிறார்கள். குலைத்தலே செய்விக்கும் வேலையைச் செய்கிறது, 'செய்' வேண்டாம்.

பெயர்ச்சொல்லிலும் கவனம் வேண்டும். அழிவு, அழிப்பு போலத்தான் உறுதிகுலைவு, உறுதிகுலைப்பு. அழிவு ஏற்பட்டது என்போம், அழிப்பு ஏற்பட்டது என்று சொல்ல மாட்டோம். அதனால் "கட்டில் உறுதிகுலைவு ஏற்பட்டுள்ளது" சரி, "உறுதிகுலைப்பு ஏற்பட்டுள்ளது" சரியில்லை. விலங்குப் பொந்து, சடுதியான நீர் இறக்கம் போன்றவற்றுக்குப் பொதுத்தலைப்பு 'உறுதிகுலைக்கும் காரணிகள்'. 'உறுதிகுலைந்த காரணிகள்' என்று அச்சாகியிருப்பது பொருளையே புரட்டிவிடுகிறது.

எழுத்துக்கூட்டல்: நிலைகுலை, சீர்குலை போல இதிலும் க் மிகாது. ஒற்றைச் சொல்லாகவே எழுதுவோம்.

ஒன்றை விட்டுக்கொடுக்கத் தயார். ஓடும் வசனத்தில் "கட்டின் உறுதியைக் குலைக்கும்" என்று பிரித்து எழுதுவது காதுக்கு இன்னும் இதமாக இருக்கிறது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும் பகுதிகளில் அப்படியே விடலாம். கூட்டுச்சொல் தலைப்புகளுக்கும் அட்டவணைக்கும் போதும். ஆனால் "கட்டின் உறுதிகுலைக்கும்" என்று இரண்டையும் கலந்து எழுதக் கூடாது. "கட்டை உறுதிகுலைக்கும்" அல்லது "கட்டின் உறுதியைக் குலைக்கும்", இரண்டில் ஒன்று.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் இந்த வரியைத் தங்கள் சொல்லால் எழுதி அனுப்புங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்: "துருசைத் திறந்து நீர்மட்டத்தைச் சடுதியாக இறக்குவது கட்டின் உட்சரிவை உறுதிகுலைக்கும், நாளுக்கு நாள் சிறிது சிறிதாக இறக்கவும்."

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து